கோவண்டிக்குப் பின் தொடங்கும் அழகு

ஜூன் மாதத்தில் முதல் மழை விழுந்ததும் மும்பைத் தமிழர்களின் கைப்பேசிகளில் ஒருவகைப் பட்டியல்கள் முளைக்கத் தொடங்கும். ‘அதிகம் அறியப்படாத பத்து மலைப்பாதைகள்’, ‘கூட்டமே இல்லாத அருவிகள்’, ‘கண்ணுக்கு விருந்தாகும் சாலைகள்’ என்று தலைப்புகள் மாறும், உள்ளடக்கம் மாறாது. தாம்ஹினி, மால்சேஜ், வரந்தா கணவாய்கள், பண்டார்தரா ஏரி, கொங்கணக் கரையோரம் எங்காவது ஓர் ஓட்டு வீட்டு விடுதி. செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் முலுண்டிலிருந்தும் கார்கள் புறப்படும். அதே குடும்பக் குழுக்களில் நியூ ஜெர்சியிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் உறவினர் அனுப்பும் படங்களும் வந்து சேரும்: புளூ ரிட்ஜ் மலைச் சாலை, பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலை, பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய ஒரு சிற்றூர் உணவகம். இந்தப் பட்டியல் என்னும் வடிவமே அங்கிருந்து வந்ததுதான். காரும் நீண்ட சாலையும் வாரயிறுதி விடுமுறையும் ஒன்றுசேர்ந்த நாட்டில் பிறந்து, இங்கே கடன் வாங்கப்பட்டது.

மும்பைப் பட்டியல்கள் அனைத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. பயணம் வாஷி பாலத்துக்குப் பிறகே தொடங்குகிறது. செம்பூரைத் தாண்டினால் அடுத்த சொல் ‘வாஷி’. சற்று விவரமானவர்கள் எழுதினால் ‘மான்குர்து நெரிசலைத் தவிர்க்க விடியுமுன் கிளம்புங்கள்’ என்று ஒரு வரி. நடுவில் இருக்கும் நிலம் நெரிசலாகவோ நாற்றமாகவோ மட்டுமே குறிப்பில் இடம்பெறும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்க வேண்டிய அந்த இடத்தின் பெயர் கோவண்டி.

கோவண்டியைத் தவிர்த்துவிட்டு வாஷி பாலத்தை அடைய முடியாது என்பது இதில் வேடிக்கை. தெற்கே சயான்–பன்வேல் நெடுஞ்சாலை, வடக்கே காட்கோபர்–மான்குர்து இணைப்புச் சாலை. இரண்டும் அந்த நிலத்தை இருபுறமும் தொட்டுக்கொண்டே வாஷி நோக்கிச் செல்கின்றன. தென்மும்பையிலிருந்து வரும் கிழக்கு ஃப்ரீவேயோ கோவண்டியின் சிவாஜி நகருக்கு அருகிலேயே தரையிறங்குகிறது. மும்பையின் அழகிய சாலைகள் என்று போற்றப்படுபவற்றுள் அதுவும் ஒன்று. துறைமுக நிலங்கள், உப்பளங்கள், அலையாத்திக் காடு, மலையைக் குடைந்த இரட்டைச் சுரங்கம், மகுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள் என்று ஏறத்தாழ 17 கிலோமீட்டர் காட்சி. அந்தக் காட்சி முடியும் இடத்தில் இருப்பது பட்டியல்களின் கண்ணுக்குப் படாதது, படம் எடுக்கும் கைப்பேசி உறைக்குள் திரும்பும் இடமும் அதுவே ஆதலால்.

‘அறியப்படாத’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். தமிழ் இலக்கணத்தில் செயப்பாட்டு வினைக்கு ஒரு வசதி உண்டு: செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். ‘கட்டப்பட்டது’ என்றால் கட்டியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ‘அகற்றப்பட்டனர்’ என்றால் அகற்றியவர் தப்பித்தார். ‘அறியப்படாத இடம்’ என்ற தொடரும் அந்த வசதியில்தான் வாழ்கிறது. யாரால் அறியப்படாத இடம்? அங்கே பிறந்து, அங்கேயே தண்ணீர் பிடித்து, அங்கேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கு அது அறியப்படாததா? அறியாதவர் காரில் வருகிறவர். அவருடைய அறியாமை இடத்தின் குணமாக எழுதப்படுகிறது. பின்னர் அவர் வந்து பார்த்ததும் அந்த இடம் ‘கண்டுபிடிக்கப்பட்டது’ ஆகிறது. கொலம்பஸின் இலக்கணம் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கும் பொருந்துகிறது.

பயணம் போவதே குற்றம் என்பதல்ல இங்கே வாதம். வாரத்தில் ஆறு நாள் மின்ரயிலில் நசுங்குகிற ஒருவர் ஏழாம் நாள் ஒரு மலையைப் பார்க்க விரும்பினால் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில். அழகிய சாலை என்பது இயற்கை தந்தது, யாரும் உருவாக்காதது, யாரிடமிருந்தும் எதையும் எடுக்காதது என்னும் பாவனை இருக்கிறதே, அதுதான் பொய். அழகிய சாலை கட்டப்படுகிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது, யாரை ஏற்றுவது, யாரை அகற்றுவது என்ற தீர்மானங்களால் கட்டப்படுகிறது.

இந்தப் பாவனையின் தாய்வீட்டிலேயே சான்று இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவின் முகட்டில் ஓடும் ‘ஸ்கைலைன் டிரைவ்’, 105 மைல் நீளம், அந்நாட்டின் புகழ்பெற்ற காட்சிச் சாலைகளுள் ஒன்று. பூங்கா 1935இல் நிறுவப்பட்டது. அதற்காக அம்மலையில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த ஏறத்தாழ 500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வர்ஜீனிய அரசு நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தச் சட்டமே இயற்றியது. வெளியேற்றுவதற்கு முன் அவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் ஒரு நூலும் எழுதினார்கள். உலகத்தொடர்பற்ற பின்தங்கிய மக்கள் என்று. முதலில் ‘அறியப்படாதவர்’ என்று எழுது, பிறகு அகற்று, பிறகு அந்த வெற்றிடத்தை ‘மனிதக் கைபடாத இயற்கை’ என்று காட்டு. இந்த வரிசை மாறுவதில்லை.

அச்சாலையின் தெற்குத் தொடர்ச்சியான புளூ ரிட்ஜ் சாலையில் மேப்ரி மில் என்று ஒரு நீர்ச்சக்கர ஆலை இருக்கிறது. குளத்தில் நிழல் விழ, ஒரு மரவீட்டோடு அதைப் படம் எடுக்காமல் அவ்வழி செல்பவர் குறைவு. ஆலைக்காரர் வாழ்ந்தது பலகை வேய்ந்த, அக்காலத்துக்குரிய நாகரிகமான வீடு. அது ‘மலைவாசி’யின் வீடுபோல் தோன்றவில்லை. பூங்கா நிர்வாகம் அதை அகற்றிவிட்டு, 1950களில் வேறிடத்திலிருந்து பழைய மரக்கட்டைக் குடில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. பயணி எதை எதிர்பார்த்து வருகிறாரோ, அது அவருக்குக் கிடைத்தது. அங்கே வாழ்ந்தவரின் வாழ்வு மட்டும் படத்தில் இல்லை.

‘அதிகம் அறியப்படாத நிறுத்தங்கள்’ என்ற சொல்லுக்கு அதே நாட்டில் இன்னொரு பொருளும் இருந்தது. நியூயார்க்கின் தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். கறுப்பினத்தவர் காரில் பயணம் செய்தால் எந்த ஊரில் அறை கிடைக்கும், எங்கே உணவு தருவார்கள், எந்த முடிதிருத்தகத்தில் உள்ளே விடுவார்கள், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல். 1960களின் நடுப்பகுதிவரை அது வெளிவந்தது. அதில் சாலையின் அழகைப் பற்றிய வருணனைகளைவிட முகவரிகளே முக்கியம். ஒரு முகவரி தவறினால் இரவு எங்கே விடியும் என்று தெரியாது. பின்னர் 1956இன் நெடுஞ்சாலைச் சட்டத்தோடு வந்த பெருவழிகள், அந்த முகவரிகள் இருந்த தெருக்களின் ஊடாகவே பல நகரங்களில் போடப்பட்டன. செயின்ட் பால் நகரின் ரோண்டோ, மயாமியின் ஓவர்டவுன் ஆகிய கறுப்பினக் குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு சாலை போயிற்று. இன்று அச்சாலைகளில் சுகமாகச் செல்லும் தமிழ் மென்பொறியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் அவர் அனுப்பும் படத்தைப் பார்த்து அதே அழகை மும்பையில் தேடுகிறவருக்கு, மும்பையில் அதே வேலை எப்படி நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மும்பையில் நடந்தது இது. 2000களின் தொடக்கத்தில் உலக வங்கிக் கடனுடன் நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் வந்தது. ரயில் பாதைகளை விரிவாக்கவும் சாலைகளை அகலப்படுத்தவும் ஏறத்தாழ 1 லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலைக்காக அகற்றப்பட்டோரின் புகார்கள் வங்கியின் விசாரணைக் குழுவரை சென்று, 2006இல் நிதியே சிறிதுகாலம் நிறுத்திவைக்கப்பட்டது. நகரத்தின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட அம்மக்களில் பெரும்பகுதியினர் கொண்டுவந்து குவிக்கப்பட்ட இடங்கள்: கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டு, அடுத்துள்ள மான்குர்தின் லல்லுபாய் காம்பவுண்டு. 225 சதுர அடி வீடுகள், ஏழு மாடி, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் பல இடங்களில் மூன்று மீட்டர் அளவே இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். மருத்துவர் அமைப்பொன்றும் மும்பை ஐஐடி ஆய்வாளர்களும் சேர்ந்து இக்குடியிருப்புகளில் நடத்திய ஆய்வு, வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த கீழ்த்தள வீடுகளில் காசநோய் கூடுதலாக இருப்பதைப் பதிவுசெய்தது.

சாலைக்காக வீடிழந்தவருக்குச் சூரியன் தெரியாத வீடு. சாலையில் செல்பவருக்கோ சூரிய உதயம் பார்க்கச் சிறந்த இடங்களின் பட்டியல். இரண்டும் ஒரே திட்டத்தின் இரு பக்கங்கள். பட்டியல் எழுதுகிறவர் கொடியவர் அல்லர்; அவருக்குச் சாலை ஏற்கெனவே இருந்ததுபோல் தோன்றுகிறது, அவ்வளவே. அந்தத் தோற்றத்தை உண்டாக்குவதில்தான் சாலையின் வெற்றி.

கோவண்டியின் மற்றப் பகுதிகளும் இப்படிப் பிறந்தவையே. பைங்கன்வாடி என்ற பெயரைப் பிரித்தால் கத்தரித் தோட்டம். ஒருகாலத்தில் என்ன இருந்தது என்பதைப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டிய சிவாஜி நகர் 1970களில் நகரின் வேறு பகுதிகளில் இடிக்கப்பட்டவர்களுக்காக மாநகராட்சி போட்ட மனைகள், பத்தடிக்குப் பதினைந்தடி. அங்கே ஜரிகை வேலைக்காரர் உண்டு, பிளாஸ்டிக் பிரிப்போர் உண்டு, குப்பை பொறுக்குவோர் உண்டு. 2009ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை, இப்பகுதி அடங்கிய எம்-கிழக்கு வார்டை நகரின் 24 வார்டுகளில் கடைசியில் வைத்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தேவ்னாரில், அதே வார்டுக்குள், நெடுஞ்சாலையோரமாகவே இருக்கிறது. ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. அறியப்படாத இடம் என்று கோவண்டியைச் சொல்வது இந்த வகையிலும் பொய். இந்நகரில் இவ்வளவு நுணுக்கமாக அளந்து எழுதப்பட்ட இடங்கள் சிலவே.

இனிக் குப்பைமேடு. தேவ்னார் குப்பைக் கிடங்கு 1927இல் தொடங்கியது என்று ஒரு கணக்கு. பிளேக் நோய்க்குப் பின் 1899இலேயே நகரின் கழிவை ரயிலில் ஏற்றி இங்கே கொட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று இன்னொரு கணக்கு. எப்படிப் பார்த்தாலும் நூறாண்டு. 250 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், பல மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு, இந்நகரம் தின்றதும் உடுத்ததும் உடைத்ததும் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. தென்மும்பைக் கடற்கரைகளும் மலபார் ஹில் பூங்காக்களும் காலையில் துப்புரவாக இருப்பதற்கு இந்த மேடு உயர்ந்ததே காரணம். 2016 ஜனவரி இறுதியில் இங்கே பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது, புகையை நாசாவின் செயற்கைக்கோள் படம் பிடித்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் புகை காற்றின் திசையில் செம்பூர் வரை, அதற்கப்பாலும் சென்றபோதுதான் நகரம் பேசியது. செம்பூரில் புகை நின்றதும் பேச்சும் நின்றது. போதாக்குறைக்கு நகர மருத்துவமனைகளின் கழிவை எரியூட்டும் ஆலையும் இங்கேயே வைக்கப்பட்டது; குடியிருப்போர் உயர் நீதிமன்றம் சென்ற பிறகு, 2023இல் அதை இடம்மாற்ற உத்தரவு வந்தது.

இந்நகரின் ‘அழகிய சாலைகள்’ மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் யாருக்கான அழகு என்பது விளங்கும். 2013இல் முதற்பகுதியும் 2014இல் மிச்சமும் திறக்கப்பட்ட கிழக்கு ஃப்ரீவேயில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதியில்லை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேதுவிலும் இல்லை. காருக்கு ஒருவழிக் கட்டணம் 250 ரூபாய். அதே ஆண்டு திறக்கப்பட்ட கடற்கரைச் சாலையிலும் இல்லை. பாதுகாப்பைக் காரணமாகச் சொல்வார்கள். அந்த வேகத்தில் செல்லும் சாலையில் அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். சிவாஜி நகரில் ஒரு குடும்பம் சேமித்து வாங்கக்கூடிய வண்டி இருசக்கர வண்டிதான். அவர்கள் வீட்டருகே இறங்கும் ஃப்ரீவேயில் அவர்கள் ஏற முடியாது. தென்மும்பையிலிருந்து செம்பூர் வர முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, இப்போது 20, 25 நிமிடம் என்ற பெருமை காருக்கு உரியது. தூண்களும் இரைச்சலும் கோவண்டிக்கு. இணைப்புச் சாலையின் மேல் 2021இல் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு யார் பெயரைச் சூட்டுவது என்று நடந்த அரசியல் சண்டையில் பாதியாவது, கீழே பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்கு நடந்திருக்கலாம்.

அடல் சேதுவில் இன்னொரு காட்சி. கடலைப் பயணிகள் பார்க்கும்படி கரைச்சுவரைத் தாழ்வாக அமைத்தவர்கள், ஒரு பகுதியில் மட்டும் உயரமான மறைப்புத் தட்டிகளை வைத்தார்கள். டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக. அரசு உண்மையாகவே மறைக்க நினைப்பதற்குத் தட்டி தேவைப்படுகிறது. கோவண்டிக்குத் தட்டி தேவைப்படவில்லை. எண்பது கிலோமீட்டர் வேகமும் ஏற்றிய கண்ணாடியும், ‘இன்னும் கொஞ்ச தூரத்தில் மலை வந்துவிடும்’ என்று பின்னிருக்கைப் பிள்ளைக்குச் சொல்லும் சமாதானமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

அப்படியானால் கோவண்டியையும் பட்டியலில் சேர்த்துவிடலாமே, காரை நிறுத்தி இறங்கிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல மனத்தோடுதான் சொல்வார்கள். அந்தப் பரிசோதனையைத் தாராவி ஏற்கெனவே பார்த்துவிட்டது. இருபதாண்டுகளாக அங்கே வழிகாட்டியோடு சுற்றுலா நடக்கிறது. 2019இல் டிரிப்அட்வைசர் தளத்தின் பட்டியலில், இந்தியப் பயண அனுபவங்களில் தாஜ்மகாலையும் முந்திக்கொண்டு தாராவிச் சுற்று முதலிடம் பிடித்தது. சுற்றுலா நடத்துவோரில் படம் எடுப்பதைத் தடைசெய்தவர்களும் வருவாயில் பங்கைப் பள்ளிக்குச் செலவிட்டவர்களும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் உலகமே வந்து பார்த்த தாராவியின் சாக்கடை அந்தப் பார்வையால் ஓர் அங்குலமும் ஆழப்படவில்லை. பார்க்கப்படுவது உரிமையாகாது. கடந்து செல்லப்படுவதும் நின்று பார்க்கப்படுவதும், காரிலிருப்பவரின் விருப்பத்தில் தொங்கும் இரண்டு நிலைகள். வாழ்பவர் இரண்டிலும் காட்சிப்பொருளே.

தமிழுக்கு இந்த அமெரிக்கப் பட்டியல் வடிவம் தேவையே இல்லை என்பது இன்னொரு செய்தி. வழிகாட்டும் இலக்கியம் என்று ஒரு முழு வகையே இம்மொழியில் ஈராயிரம் ஆண்டுப் பழமையோடு இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று வரும் ஒரு கலைஞன், வறுமையில் வாடி எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்கிறான். பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிக்குச் செல்லும் வழி எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் என்று குடிகளின் வழியாகச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு குடியும் என்ன உணவு தரும் என்பதோடு. மலைபடுகடாம் வழியின் இன்னல்களையும் ஒளிக்காமல் சொல்கிறது: எங்கே கால் வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே இரவில் நடக்கக்கூடாது. நிலத்தின் அழகு அப்பாட்டுகளில் நிறைந்து கிடக்கிறது. ஆனால் ஆளில்லாத அழகு அரிது. நிறுத்தம் என்றால் அங்கே இருப்பவர் பெயரோடும் அடுப்போடும் நிறுத்தம். வழி சொல்கிறவனும் கேட்கிறவனும் நடப்பவர்கள், பசித்தவர்கள். கிரீனின் கையேடு எந்தத் தமிழ்ப் பாணனும் காணாத நாட்டில் வெளிவந்தாலும், அதன் மனம் இந்த ஆற்றுப்படை மனத்துக்குத்தான் நெருக்கம். ‘கூட்டமில்லாத பத்து இடங்கள்’ என்ற பட்டியலுக்கு அல்ல. புரவலரைப் புகழ்வதே ஆற்றுப்படையின் நோக்கம், அதை மக்கள் இலக்கியமாக்கக் கூடாது என்று மறுப்போர் உண்டு. புகழட்டும். புகழப்படும் மன்னனின் வாயிலுக்குப் போகும் வழியில்கூட எயினர் குடிலைத் தாண்டிக் குதிக்க அந்தப் பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது.

கோவண்டிக்கு மிக அருகிலேயே ஆற்றுப்படையின் இக்கால வடிவம் ஒன்றும் நடந்திருக்கிறது. அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் தமிழர் ஏராளம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், அக்குடியிருப்பு முழுவதும் அகற்றப்பட்டு மக்கள் சீத்தா கேம்புக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து தச்சு வேலைக்கு வந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில் குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டியவர், 2000இல் மகசேசே விருது பெற்றவர், 2018இல் மறைந்தவர். குப்பை அள்ளாத மாநகராட்சிக்கு அவர் பாடம் கற்பித்த விதம் பலரும் அறிந்த கதை: காலனிப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையை ஏந்தச் செய்து, மாநகராட்சி அலுவலகத்தின் வாசலில் கொட்டவைத்தார். அதுவும் ஒரு சுற்றுலாதான், திசை மட்டும் எதிர்த்திசை. பின்னாளில் அவர் தோழர்கள் செய்த பெரிய வேலை, குடிசைகளைத் தாங்களே எண்ணிக் கணக்கெடுப்பது. அரசு ‘இல்லை’ என்று சொன்ன வீடுகளுக்கு எண்ணும் பெயரும் கொடுத்தார்கள். அறிதல் என்பதை வெளியிலிருந்து வருகிறவரின் தொழிலாக விட்டுவைக்கவில்லை.

செம்பூர், மாட்டுங்காத் தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்டால் விடை பழைய கதையில் இல்லை, நடப்பில் இருக்கிறது. 2024 அக்டோபரில், தேவ்னார் குப்பைக் கிடங்கின் நிலத்தில் ஏறத்தாழ 125 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்க மாநில அரசு முடிவெடுத்தது. தாராவியிலேயே வீடு பெறத் ‘தகுதியற்றவர்’ என்று விலக்கப்படுவோருக்கான குடியிருப்புகள் இத்தகைய நிலங்களில் வரும் என்பது திட்டம். தாராவியில் தமிழர் எத்தனை தலைமுறை, எத்தனை தெரு என்று மும்பைத் தமிழ்ச் சங்க மேடைகளில் பெருமை பேசாத ஆண்டு இல்லை. அந்தத் தெருக்களிலிருந்து ஒரு பகுதியினர் நூறாண்டுக் குப்பையின் மேல் குடியேற்றப்படலாம் என்ற செய்தி வந்தபோது, அந்த மேடைகள் எழுப்பியிருக்க வேண்டிய கேள்விகள் எளியவை. மண் எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டிச் சோதிக்கப்படும்? அடியில் கசியும் மீத்தேன் வாயு எங்கே போகும்? நட்வர் பாரேக் காம்பவுண்டில் விட்ட மூன்று மீட்டரைவிடக் கட்டடங்களுக்கு நடுவே கூடுதலாக எத்தனை மீட்டர்? பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று? இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் கணக்காய்வாளர்களும் செம்பூரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஜூன் மாதப் பட்டியல்களுக்கு வந்த விருப்பக்குறிகளில் பத்தில் ஒரு பங்கு கையெழுத்து அந்தக் கேள்விகளுக்குக் கிடைத்தால்கூட மாநகராட்சி பதில் எழுதியாக வேண்டும்.

கோவண்டியில் அழகே இல்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். குப்பைமேட்டுக்கு அப்பால் அலையாத்திக் காடு. அதற்கப்பால் தாணே கடற்கழி. குளிர்காலத்திலிருந்து கோடைவரை அங்கே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. தாழ்வேலையில் சேறு வெளிப்படும்போது கரை இளஞ்சிவப்பாகத் தெரியும். கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. பார்க்க விரும்புவோர் வாஷி பாலத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு ஏரோலிக்குச் சென்று, கட்டணம் கட்டிப் படகில் ஏறலாம்; ‘அதிகம் அறியப்படாத இடங்கள்’ பட்டியல்கள் சிலவற்றில் அதுவும் உண்டு. ரஃபி நகரிலிருந்து அதே கழி கூப்பிடு தூரம். நடுவில் குப்பைமேடும் அதன் மதிலும் இருக்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்து கரைக்குப் போக இன்றுவரை ஒரு நடைபாதை போடப்படவில்லை.